சாமி சாமான்

எங்கள் அத்தான் வேல்சாமியின் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொன்னால் போதும், அவர் வீட்டுக்கு ஒரு குத்துவிளக்கு வந்து சேரும். மூன்று தடவை சொன்னால் விளக்கோடு அண்டாவும் வரும். நான் கேலியாகச் சொல்லவில்லை. சரி, கேலியாகத்தான் சொல்கிறேன். ஆனால் இத்தனை வருஷமாக அந்த விளக்கையும் அண்டாவையும் வேனிலிருந்து இறக்கி வைத்த மச்சினன் நான். அவர் பெண்டாட்டி முத்துச்செல்விக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு.

அத்தானுக்குக் கோவில்பட்டியில் சாக்குக் கடை. பஜாரை ஒட்டிய சந்தில் அவர் அப்பா ஆரம்பித்தது. மாசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரிகள், அதாவது காடு வைத்து விவசாயம் பார்ப்பவர்கள், மிளகாய் வத்தல் அடைக்கச் சாக்கு வாங்க வருவார்கள். அத்தான் சாக்குக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, ஒரே உதறில் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஒரு ஓட்டை இருந்தா காட்டுங்க, கடையைச் சாத்திருதேன்" என்பார். வந்தவர் பெயர், ஊர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், போன வருஷம் படைப்புழு விழுந்த காடு எது என்பது வரை கேட்பார். அதனால் சம்சாரிகள் சாக்குக்கு மட்டும் வரவில்லை. போகும்போது ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குக் கூப்பிட்டுவிட்டும் போனார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கரிசல்காட்டுக் கொடைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டு கொடுத்த பொருள்களை எல்லாம் கொடை முடிந்த மறுநாள் காலையில் கோயில் முன்னால் வைத்து ஏலம் விடுவார்கள். எலுமிச்சம்பழம், வாழைத்தார், அம்மனுக்குச் சாத்திய சேலை, சேவல், பித்தளைக் குடம், விளக்கு, மணி, சுவர்க் கடிகாரம் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். கடை விலையைவிடப் பல மடங்கு கேட்டு எடுப்பார்கள். சாமி சாமான் வீட்டுக்கு வந்தால் விருத்தி என்பது ஒரு காரணம். மைக்கில் பேர் வரும் என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று அத்தானிடம் கேட்டால் முறைப்பார்.

"கோவில்பட்டி சாக்குக்கடை வேல்சாமி அண்ணாச்சி கேட்டுட்டாக! அண்ணாச்சிக்கு மேல யாரு? அண்ணாச்சிக்கு மேல யாரு?" என்று மைக் கத்தும்போது அத்தானைப் பார்க்க வேண்டும். கழுத்தில் ஊர்க்காரர்கள் போட்ட மாலை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு, வேறு யாராவது கேட்கமாட்டார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. கேட்டால்தானே அவர் மறுபடி கேட்கலாம், மைக் மறுபடி பேர் சொல்லும்.

எடுத்ததெல்லாம் வீட்டுக்கு வந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு அது. முன்னறை, நடுக்கூடம், அடுப்படி. நடுக்கூடத்தின் இரண்டு பக்கச் சுவரும் எனக்குத் தெரிந்து பல வருஷமாகக் கண்ணில் பட்டதில்லை. ஆளுயர விளக்குகள், அண்டாக்கள், குடத்துக்குள் குடம், ஒரே நேரத்தைக் காட்டாத கடிகாரங்கள், பெரிய பித்தளை மணி ஒன்று, யாரும் தாலாட்டாத மரத்தொட்டில் ஒன்று. நடுவில் ஒற்றையடிப் பாதை. மகன் மணிராஜ் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பாதையில் பக்கவாட்டில்தான் ஓடுவான்.

சாமி சாமானுக்குச் சட்டம் உண்டு. விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, காலில் படக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. அக்கா வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் துடைப்பாள். துடைத்துக்கொண்டே திட்டுவாள். "எல்லாத் தெய்வமும் எங்க வீட்டுலதான் குடியிருக்கு. எனக்குத்தான் குடியிருக்க இடமில்ல" என்பாள். அத்தான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

இப்படியே போயிருக்கும். போன ஐப்பசியில், மழைக்கு முந்தின புழுக்கத்தில், கடையில் ஒருவருக்குச் சாக்கை உதறிக் காட்டும்போது அத்தானின் இடதுகை சாக்கை விட்டுவிட்டது. அவர் குனிந்து எடுக்கப் போனார், எழுந்திருக்க முடியவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. இடதுகையும் இடதுகாலும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள். சுதாராணி என்று பேர். கண்டிப்பான பிள்ளை. முதல் நாளே அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "அம்மா, இந்த ஆறு மாசத்துக்குள்ள சாரை நடக்க வச்சிரணும். கால்ல உயிர் இருக்கு. ஆனா உக்காந்தே இருந்தா இறுகிப் போயிரும். அப்புறம் கட்டிலும் சேரும்தான் வாழ்க்கை." அக்கா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆறுதல் சொல்லப் போய் நானும் அழுதேன்.

மறுநாள் அத்தானின் வலதுகையில் கம்பைக் கொடுத்து நிற்க வைத்தோம். நின்றார். ஒரு எட்டு வைத்தார். வலதுகால் போனது, இடதுகால் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தது. வந்த கால் ஒரு விளக்கின் அடித்தட்டில் இடித்தது. அத்தான் அப்படியே நின்றார். கம்பை என்னிடம் கொடுத்து, என் மேல் சாய்ந்தபடி குனிந்து விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த எட்டில் ஒரு குடம் உருண்டது. அதற்கு அடுத்த எட்டை அவர் வைக்கவில்லை.

"என்னைய உக்கார வைங்க" என்றார். "அம்மன் சாமானைக் காலால எத்திக்கிட்டு நடக்கணுமாக்கும்? எனக்கு நடையே வேண்டாம்."

சுதாராணி எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். மொட்டைமாடியில் நடக்கலாம் என்றால் அவரால் படி ஏற முடியாது. "அப்போ தெருவில நடங்க சார்" என்றாள். தெருவிலா? பஜாரில் சட்டை மடிப்புக் கலையாமல் நடந்த மனிதர், காலை இழுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போவாரா? அந்தப் பேச்சே எடுபடவில்லை. சேரில் உட்கார்ந்தார். பத்து நாள், பதினைந்து நாள், உட்கார்ந்தே இருந்தார். கால் மெலிய ஆரம்பித்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு காலையில் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏலே சங்கரா, வா. வீட்டைக் காலி பண்ணணும்" என்றாள். "வாடகைக்கா போறீங்க?" என்றேன். "மண்டைக்கு வழியில்லாதவனே, சாமானைக் காலி பண்ணணும்" என்றாள்.

முதலில் சாதாரணச் சாமானில் கை வைத்தோம். ஓடாத மிக்ஸிகள், டிவி வந்த அட்டைப்பெட்டிகள், மணிராஜின் மூன்று சக்கர சைக்கிள், கால் ஒடிந்த ஸ்டூல்கள், எதற்கு மூடி என்றே தெரியாத மூடிகள். பழைய இரும்புக்கடை காளிராஜ் தள்ளுவண்டியோடு வந்து உற்சாகமாக எடுத்துப் போட்டான். போட்டுக்கொண்டே நடுக்கூடத்துக்கு வந்தவன் பித்தளை மணியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"அக்கா, இதையும் தாரீகளா? நல்ல கனம்."

"எடுத்துக்கிட்டுப் போ" என்று நான் முந்திக்கொண்டேன். "கொடை ஏலத்துல எடுத்தது."

அவன் சூடுபட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு அண்ணாச்சி. என் கடையில சம்மட்டியில அடிச்சு நசுக்குவோம். சாமி சாமான் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி, மூடிகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். பார்த்தால் வீடு அப்படியேதான் இருந்தது. அரை நாள் உழைத்து ஒரு ஸ்டூல் போடும் அளவுக்கு இடம் கிடைத்திருந்தது.

மணிராஜ் கோயம்புத்தூரிலிருந்து போனில் யோசனை சொன்னான். "மாமா, எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஆன்லைன்ல போடுங்க. வெளியூர்க்காரன் வாங்கிட்டுப் போவான், அவனுக்கு என்ன தெரியும்?" எனக்கும் அது புத்திசாலித்தனமாகப் பட்டது. அத்தான் தூங்கும்போது படம் எடுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பேச்சு மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. "ஒவ்வொரு விளக்குலயும் ஒவ்வொரு கோயில் பேர் வெட்டியிருக்கே. இத்தனை கோயில் விளக்கு உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நான் போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன்" என்றார். நான் போனை அணைத்து, படங்களை அழித்து, இரண்டு நாள் தெரியாத நம்பரே எடுக்கவில்லை. அக்கா விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில்.

பீரோவைத் திறந்தபோதுதான் வழி பிறந்தது. உள்ளே முழுக்க அம்மனுக்குச் சாத்திய சேலைகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாம் மடிப்புக் கலையாமல். அக்கா ஒருத்தி எத்தனை கட்டுவாள்? எதிர்வீட்டு வெயிலுகந்தம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் அன்றைய வேலை முடித்து வந்துகொண்டிருந்தாள். அக்கா அவளைக் கூப்பிட்டு ஒரு சேலையை நீட்டினாள். "அம்மன் கட்டின சேலை. நீ கட்டிக்கோ" என்றாள். வெயிலுகந்தம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் தெருவில் இன்னும் நாலு பெண்கள் கேட்டு வந்தார்கள். அந்த வாரத்துக்குள் பீரோ காலி.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வெயிலுகந்தம்மாள் ஒரு விசேஷத்துக்குப் போனாள். முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தான் பார்த்துவிட்டார். "அது கழுகுமலைப் பக்கம் எடுத்த சேலையில்லா?" என்று சத்தம் கொடுத்தார்.

"ஆமா அண்ணாச்சி. உங்க கைராசி, கட்டினதும் மனசே நெறஞ்சுபோச்சு" என்றாள் அவள்.

அத்தான் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவும் அதைப் பார்த்தாள். அடுப்படிக்குள் போனவள் காப்பித் தம்ளரோடு திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லுதேன். சாமி சாமானை விக்கத்தான கூடாது? குடுக்கலாம்லா? எந்தெந்தக் கோயில்ல எடுத்தோமோ அந்தந்தக் கோயிலுக்கே திருப்பிக் குடுத்திருவோம்."

அத்தானின் சிரிப்பு போய்விட்டது. "வீட்டுச் சாமானை வேன்ல ஏத்தினா பஜார் என்ன பேசும் தெரியுமா? சாக்குக்கடை வேல்சாமி படுத்துட்டான், நொடிச்சுட்டான்னு பேசும். நாளைக்கு மில்லுக்காரன் சரக்கு அனுப்ப யோசிப்பான். இப்போ எனக்குப் பதிலா கடையில நீதான உக்காந்திருக்க, உன் மூஞ்சிக்கு நேரா கேப்பான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வியாபாரத்தில் இருக்கிற சாமானைவிட, இருக்கிறது என்ற பேச்சுக்குத்தான் மதிப்பு. பகலில் ஒரு வேன் வந்து வீட்டிலிருந்து அண்டா ஏறினால் சாயங்காலத்துக்குள் கதை ஊரைச் சுற்றிவிடும். நான் தலையை ஆட்டினேன். அக்கா ஆட்டவில்லை.

"நொடிச்சவன் விப்பான். நேர்ச்சைக்காரன் குடுப்பான். உங்க கால் குணமாகணும்னு அம்மனுக்கு நேர்ந்திருக்கோம்னு நானே ஊரு பூரா சொல்லுதேன். அங்கன ஏலம் விடும்போது மைக்ல சொல்லுவாகல்லா, சாக்குக்கடை வேல்சாமி அண்ணாச்சி உபயம்னு."

அத்தான் காப்பியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எத்தனை தடவ சொல்லுவாக?"

"ஒவ்வொரு சாமானுக்கும் சொல்லுவாக" என்றாள் அக்கா. முகத்தில் ஒரு சின்ன அசைவு கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலிலிருந்தே வியாபாரம் செய்திருக்க வேண்டியவள் அவள்தான் என்று எனக்கு அன்றைக்கு உறைத்தது.

முதல் கொடை பங்குனியில், நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில். காளியம்மன் கோயில். அத்தான் வருஷம் தவறாமல் போன ஊர், அதிகச் சாமான் வந்ததும் அங்கிருந்துதான். சேரில் உட்கார்ந்தபடியே எது எந்த ஊர் என்று சொல்லச் சொல்ல, நான் பிரித்து வைத்தேன். ஏலத்தன்று காலையில் வேன் வாசலுக்கு வந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா ஒவ்வொரு சாமானுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, "நேர்ச்சைச் சாமான், வழி விடுங்க, அவுக கால் நல்லாகணும்னு வேண்டிக்கிடுங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏற்றினாள். நொடித்துப் போனான் என்று பேச வந்தவர்கள் கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அத்தானை டிரைவர் பக்கத்து சீட்டில் தூக்கி உட்கார வைத்தோம். அவருடைய நிபந்தனை ஒன்று இருந்தது. வேனை விட்டு இறங்க மாட்டார். அந்த ஊர்க்காரர்கள் அவரை மாலையும் துண்டுமாகப் பார்த்தவர்கள். இழுத்துக்கொண்டு நடக்கிற காலை அவர்கள் பார்க்கக் கூடாது. சரி என்றோம். வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி, ஜன்னலை மட்டும் இறக்கி விட்டோம்.

ஏலம் விட்டவர் ஆறுமுகசாமி. அந்த ஊர்ச் சம்சாரி, எங்கள் கடையில் சாக்கு எடுப்பவர், மைக் கையில் கிடைத்தால் விடாதவர். "கோவில்பட்டி சாக்குக்கடை வேல்சாமி அண்ணாச்சி உபயம்!" என்று அவர் ஆரம்பித்ததும் அத்தான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்டாக்களை ஊர்ப் பொதுச் சமையலுக்கென்று இளைஞர்கள் சேர்ந்து எடுத்தார்கள். கடிகாரத்தை டீக்கடைக்காரர் எடுத்தார். தொட்டிலை ஒரு புது மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்தான். ஒவ்வொன்று போகும்போதும் கூட்டம் குலவை போட்டது. அத்தான் என்னிடம், "நல்ல கைக்குத்தான் போகுது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவசரப்பட்டு நிம்மதி அடைந்துவிட்டேன்.

அடுத்து அஞ்சுமுக விளக்கு. மணிராஜ் பிறந்த வருஷம் போட்டி போட்டு எடுத்தது. கூட்டத்தில் சோலைமுத்து என்பவர் புது வீடு கட்டியிருந்தார், அவர் மனைவி ரேணுகாதேவி அந்த விளக்கை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோலைமுத்து கேட்டார். ரொம்பக் குறைவாகக் கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை.

"என்னல இது, அநியாயமா இருக்கு" என்று அத்தான் முணுமுணுத்தார். "இந்த விளக்குக்கு இதா விலை?"

"அத்தான், பேசாம இருங்க" என்றேன்.

"ஒரு தரம்!" என்றது மைக்.

அத்தானின் வலதுகை ஜன்னல் வழியாக வெளியே போனது. நான் பிடிப்பதற்குள் அவர் குரலும் போய்விட்டது. சோலைமுத்து கேட்டதைப்போல மூன்று மடங்கு. கூட்டம் மொத்தமும் வேன் பக்கம் திரும்பியது. ஆறுமுகசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணாச்சியே கேட்டுட்டாக! அண்ணாச்சிக்கு மேல யாரு?" என்று கத்தி, பழக்கதோஷத்தில் மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டார். கொட்டு அடித்தார்கள். கொடுத்த சாமானைக் கொடுத்தவரே ஏலத்தில் எடுத்த கதை அந்த அம்மன் வரலாற்றிலேயே முதல் தடவையாக இருக்கும்.

பெண்கள் பக்கம் நின்ற அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"சங்கரா, நீ போய் வாங்கிட்டு வந்துரு" என்றார் அத்தான், அவளைப் பார்க்காமல்.

அது முடியாது. ஏலம் எடுத்தவர் அம்மன் முன்னால் நேரில் போய், திருநீறு வாங்கி, தன் கையால்தான் சாமானை வாங்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அத்தானுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அக்கா வேன் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கையைத் தூக்கத் தெரிஞ்சுதுல்லா, இப்போ காலைத் தூக்குங்க" என்றாள்.

"ஏட்டி, இத்தன பேருக்கு முன்னாலயா..."

"கேட்டது நீங்க. வாங்க வேண்டியதும் நீங்கதான்."

நானும் டிரைவரும் இறக்கி விட்டோம். அவர் நின்றார். வேப்பமரத்துக்கும் கோயில் வாசலுக்கும் நடுவே கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பொங்கல் பானைகள், கழற்றிப் போட்ட செருப்புகள். அத்தான் தரையைப் பார்த்தார். அவர் முகம் வீட்டில் பார்த்த அதே முகமாக மாறியது. இப்போது உட்கார வை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு கிழவர் எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினார். பக்கத்தில் இருந்தவர் செருப்புகளை அள்ளினார். பெண்கள் பானைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் மரத்தடியிலிருந்து அம்மன் வரைக்கும் வெறும் கரிசல் மண், தண்ணீர் தெளித்துக் கூட்டிய மண், ஒரு துரும்பு கூட இல்லாமல் கிடந்தது. ஆறுமுகசாமி மைக்கில் மெதுவான குரலில் சொன்னார்: "அண்ணாச்சி, அவசரமில்ல. ஏலத்தை நிறுத்தி வச்சிருக்கோம். பைய வாங்க."

அத்தான் நடந்தார். கம்பு முன்னால் போகும், வலதுகால் போகும், இடதுகால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு பின்னால் வரும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். நெற்றியில் வேர்வை. நான் ஓடப் பார்த்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அவர் மறுபடி நடந்தார். காலில் எதுவும் இடிக்கவில்லை. இடிக்க எதுவும் இல்லை.

பூசாரி திருநீறு பூசினார். விளக்கைத் தூக்கி நீட்டினார். அத்தான் வாங்கப் போனார், அப்படியே நின்றார். வலதுகையில் கம்பு இருந்தது. இடதுகையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் பாதி விரிந்தன, அதற்கு மேல் விரியவில்லை. விளக்கை வாங்க வேண்டுமானால் கம்பை விட வேண்டும். கம்பை விட்டால் நிற்க முடியாது. அவர் விளக்கைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். பாழாய்ப்போன விளக்கே என்று அம்மன் சன்னிதியிலேயே மனசுக்குள் திட்டினேன்.

அத்தான் கம்பை இறுக்கிப் பிடித்தார்.

"பூசாரி, விளக்கைக் கீழ வச்சிருங்க" என்றார். பிறகு ஆறுமுகசாமி பக்கம் திரும்பினார். "நான் கேட்ட விலை கேட்டதுதான், அம்மனுக்குத் தந்திருதேன். விளக்கை மறுபடி ஏலம் விடுங்கப்பா. இந்தத் தடவ நான் கேக்க மாட்டேன்."

மைக் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தானும் சிரித்தார். வாய் லேசாகக் கோணிய அந்தச் சிரிப்பு எனக்கு மாலை போட்ட காலத்துச் சிரிப்பைவிடப் பிடித்திருந்தது. சோலைமுத்து மறுபடி கேட்டார், இந்தத் தடவை மானத்துக்குக் கொஞ்சம் கூட்டியே கேட்டார். ரேணுகாதேவி விளக்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அத்தான் நின்று பார்த்து, "நல்லா இரும்மா" என்றார்.

திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமாகக் கூட வந்தார் என்று நான் சொன்னால் சுதாராணி நம்பமாட்டாள். ஆனால் வந்தார். நான் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். டிரைவர் தூக்கிவிடத் தயாராக நின்றான். அத்தான் சீட்டைப் பார்த்தார். பிறகு ஊர்க்காரர்கள் தனக்காகக் காலியாகவே விட்டு வைத்திருந்த அந்த மண்ணைப் பார்த்தார்.

"கதவைச் சாத்துல" என்றார். "கோயிலை ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."

கம்பை ஊன்றித் திரும்பி நடந்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை கொடுக்காமல், இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.